வந்த எண்ணமும் வரவேற்ற எண்ணமும்

உள்ளங்களைப் படைத்து, அவற்றின் இரகசியங்களை அறிந்திருக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு மனிதர் சுபுஹுக்கு எழுகிறார். லுஹர் பாங்கு சொல்வதற்குள் களைத்துப் போகிறார். அவர் மூட்டை தூக்கவில்லை; வயலில் இறங்கவில்லை; கடையில் பெரிய வியாபாரமும் நடக்கவில்லை. பின் எதனால் இந்தக் களைப்பு? ஒரே நினைப்பைக் காலையிலிருந்து நூறு தடவை தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். உடல் உட்கார்ந்திருந்தது, உள்ளம் சுமை தூக்கியது. தொழுகைக்கு நிற்கும்போது கொண்டுவர அவரிடம் உள்ளம் மிச்சமில்லை.

கண், காது, பொருள், பொழுது இவையெல்லாம் அமானிதங்கள் என்பது நமக்குத் தெரியும். திருமறையின் 17வது அத்தியாயம் 36வது வசனம், நமக்குத் திட்டமாகத் தெரியாத ஒன்றின் பின்னால் போகவேண்டாம் எனத் தடுத்துவிட்டு, செவி, பார்வை ஆகியவற்றோடு உள்ளமும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. ஆக, உள்ளமும் ஓர் அமானிதம்; அதன் பலமும் ஓர் அமானிதம். பத்து ரூபாய் காணாமற்போனால் சட்டைப்பையைத் துழாவுகிற நாம், பகல் முழுவதும் செலவான மனோபலத்துக்குக் கணக்குப் பார்த்ததுண்டா? அது எங்கே போயிற்று, யார் கொண்டு போனார் என்று கேட்டதுண்டா? இந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கூவி அழைப்பவரெல்லாம் நம் ஊருக்குப் போகிறவரா?

கடலூர் பேருந்து நிலையத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் சிதம்பரம் போகவேண்டியவர். பண்ருட்டி என்று ஒருவர் கூவுகிறார். விருத்தாசலம் என்று மற்றொருவர் கூவுகிறார். புதுச்சேரி வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. கூவியவரெல்லாம் அழைத்தார்கள் என்பதற்காக அவர் ஒவ்வொரு வண்டியிலும் ஏறுவாரா? கூவியதே குற்றம் என்று சண்டை போடுவாரா? இரண்டும் இல்லை. தம் ஊர் வண்டி வரும்வரை நின்றுகொண்டிருப்பார். மற்றவை வரும், போகும்.

எண்ணங்களும் இப்படித்தான். நம் மார்க்க மேதைகள் உள்ளத்தில் தோன்றும் எண்ணத்தை ஐந்து படிகளாக வகுத்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் தகிய்யுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்களும் இந்த ஐந்தையும் விளக்கியிருக்கிறார்கள். சட்டென்று மின்னி மறைவது ஹாஜிஸ். வண்டி நிற்காமல் கடந்து போவது போன்றது. சற்று நின்று உலவுவது காதிர். வண்டி நம் எதிரே வந்து நிற்கிறது. செய்யலாமா வேண்டாமா என்று உள்ளம் தனக்குள் பேசிக்கொள்வது ஹதீஸுன் நஃப்ஸ். இடம் இருக்கிறதா என்று நாம் எட்டிப் பார்க்கிறோம். செய்யும் பக்கம் சாய்வது ஹம்மு. படியில் கால் வைத்துவிட்டோம். உறுதி கொள்வது அஸ்ம். பயணச் சீட்டும் வாங்கியாயிற்று.

இவற்றில் முதல் மூன்றுக்கும் கேள்வி இல்லை. நான்காவது படியில் நிற்கும் எண்ணம் நல்லதாயின், செய்யாமற் போனாலும் நன்மை எழுதப்படும். தீயதாயின் எழுதப்படாது, அல்லாஹ்வுக்காக அதைக் கைவிட்டால் அதுவே ஒரு நன்மையாகிவிடும். ஐந்தாவது படிக்குத்தான் பிடி உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. எத்துணைப் பெரிய கருணை பாருங்கள்! தம் சமுதாயத்தார் உள்ளத்தில் எழுபவற்றை, அவர்கள் பேசாமலும் செய்யாமலும் இருக்கும்வரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

வந்த எண்ணம் வேறு. நாம் வரவேற்ற எண்ணம் வேறு. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் நம்மில் எத்தனை பேர் வாடுகிறார்கள்! 'இப்படியொரு கெட்ட நினைப்பு எனக்கு வந்துவிட்டதே, என் ஈமான் போய்விட்டதா?' என்று அழுதுகொண்டு ஆலிம்களிடம் வருவோர் உண்டு. இதே கவலையோடு ஸஹாபாக்களும் வந்தார்கள். வாயால் சொல்லவே அஞ்சும் நினைப்புகள் எங்கள் உள்ளங்களில் வருகின்றன என்று முறையிட்டார்கள். அப்படி அஞ்சுவதே தெளிவான ஈமான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் அளித்தார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். வீட்டில் பொருள் இருப்பதால்தானே திருடன் வாசலில் வந்து நிற்கிறான்!

ஹவுளின் கரையில் தேயும் நேரம்

ஊசாட்டம் முதலில் நுழையும் இடம் வணக்கம். ஹவுளில் உட்கார்ந்து முழங்கையை ஏழு தடவை, எட்டுத் தடவை கழுவுகிறார் ஒருவர். நனைந்ததா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம். அதற்குள் ஜமாஅத்தில் இரண்டு ரக்அத் போய்விடுகிறது. இன்னொருவர் ஸஃப்பில் நின்று தக்பீர் கட்டுகிறார், அவிழ்க்கிறார், நிய்யத் சரியாக அமையவில்லை என்று மறுபடி கட்டுகிறார். இமாம் ருகூஉக்குப் போய்விடுகிறார். இதைப் பேணுதல் என்று சிலர் எண்ணுகிறார்கள். பேணுதலா இது? பர்ளைத் தாமதப்படுத்தி, ஜமாஅத்தை இழக்கச் செய்து, தொழுகையென்றாலே அச்சம் பிறக்கும்படி செய்வது பேணுதலாகுமா?

ஒருவர் ஒளுவோடு இருந்தது உறுதி; அது முறிந்ததா என்பதுதான் சந்தேகம் என்றால், சத்தமோ வாடையோ உணராதவரை தொழுகையை விட்டுத் திரும்பவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். இதிலிருந்துதான், உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற மாபெரும் விதியை ஃபுகஹாக்கள் எடுத்தார்கள். நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் அதிகம். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினர் அதிகம். இரு மத்ஹபுகளும் ஊசாட்டக்காரருக்கு எப்படி வழி செய்கின்றன என்று பாருங்கள். மூன்று ரக்அத்தா நான்கா என்று ஐயம் வந்தால், உறுதியான குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மீதியைத் தொழுது, ஸஹ்வு ஸஜ்தா செய்துகொள்ளச் சொல்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபிலோ, அரிதாக ஐயம் வருபவர் தொழுகையைத் திரும்பத் தொழவேண்டும். அடிக்கடி ஐயம் வரும் பழக்கமுள்ளவர் அப்படிச் செய்யாமல், எந்தப் பக்கம் மனம் வலுவாகச் சாய்கிறதோ அதன்படி செய்யவேண்டும். எந்தப் பக்கமும் சாயாவிட்டால்தான் குறைந்த எண்ணிக்கை. ஊசாட்டக்காரருக்குச் சட்டம் கடுமையாகாமல் இலகுவாகிறது! தொழுது முடித்து ஸலாம் கொடுத்தபின் எழும் ரக்அத் ஐயத்தை இரு மத்ஹபுகளும் பொருட்படுத்துவதில்லை.

தக்பீரோடு நிய்யத் இணைய வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். அந்த இணைப்பை எழுத்துக்கு எழுத்து அளந்து பார்க்கத் தேவையில்லை, வழக்கத்தில் இணைந்ததாகக் கருதப்பட்டால் போதும் என்று இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்களும், அவர்களின் மாணவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தெளிவுபடுத்தினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் அதையே ஏற்றார்கள். இவர்களைவிடப் பேணுதல் தெரிந்தவர்களா நாம்?

தொழுகையில் தமக்கு இடையூறு வருவதாக முறையிட்ட உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களிடம், அவன் கின்ஸப் எனும் ஷைத்தான். அவனை உணர்ந்தால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, இடப்பக்கம் மூன்று முறை துப்பிவிடும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அப்படியே செய்தேன், போய்விட்டான் என்று அந்தத் தோழர் அறிவிக்கிறார்கள். அவனோடு வாதாடும் என்று நாயகம் (ஸல்) சொல்லவில்லை. உமது தொழுகையைத் திருப்பும் என்றும் சொல்லவில்லை. பாதுகாவல் தேடு, கைவிடு, மேலே போ. இவ்வளவுதான்.

டிசம்பர் 30 கற்பித்த பாடம்

வணக்கத்துக்கு அடுத்தபடி ஊசாட்டம் நுழையும் வாசல் அச்சம். இதற்கு நம் கடற்கரையே சாட்சி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையை அடுத்த மீனவர் குப்பங்களிலும் வீடுகளும் படகுகளும் அழிந்தன. பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் சமயம் பாராமல் உணவும் ஒதுங்க இடமும் கொடுத்ததை அப்பகுதி மக்கள் இன்றும் நினைவுகூர்வர். அது உண்மையான ஆபத்து.

நான்கு நாட்கள் கழிந்தன. டிசம்பர் 30, வியாழக்கிழமை, மீண்டும் பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. தமிழகக் கரையெங்கும் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். நிவாரண வேலைகள் தடைப்பட்டன. ஆனால் அலை வரவில்லை! அந்த எச்சரிக்கைக்கு உறுதியான ஆதாரம் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஏற்கெனவே பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்றவர்கள் ஓடியதை யாரும் குறைகூற முடியாது. அடிபட்ட உள்ளத்துக்கு ஒவ்வொரு சத்தமும் அலையாகத்தான் கேட்கும்.

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கிவருகிறது. பூமி அதிர்ந்தது என்ற செய்தியோடு அங்கே நின்றுவிடுவதில்லை. கடலடியில் வைத்த அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் என்ன சாட்சி சொல்கின்றன என்று பார்த்து, எச்சரிக்கையை நீட்டுவதா விலக்குவதா என்று முடிவு செய்கிறார்கள். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு திருமறையின் 49வது அத்தியாயம் 6வது வசனம் ஈமான் கொண்டோரைப் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தவேண்டாம் என்று காரணமும் கூறுகிறது.

வெளியிலிருந்து வரும் செய்திக்கே இந்த விசாரணை என்றால், உள்ளிருந்து வரும் செய்திக்கு வேண்டாமா? 'உன் பிழைப்பு கெட்டுவிடும்', 'உன்னை எல்லாரும் ஏளனம் செய்கிறார்கள்', 'நீ எதற்கும் லாயக்கற்றவன்' என்று நஃப்ஸு செய்தி கொண்டுவருகிறது. செய்தி கொண்டுவந்தவன் யார்? சாட்சி எங்கே? இப்படிக் கேட்காமல் நாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடத் தொடங்குகிறோம். ஓடிக் களைத்தபின் திரும்பிப் பார்த்தால் அலையே இல்லை.

சந்தேகம் குடிவந்த வீடு

மூன்றாவது வாசல் பிறரைப் பற்றிய தப்பெண்ணம். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பிழைப்புக்குச் சென்றோர் பலர். முன்பு கடிதம் வரப் பதினைந்து நாள் ஆகும், பொறுத்திருந்தார்கள். இன்று கைபேசியில் செய்தி அனுப்பி, பார்த்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்து, பத்து நிமிடம் பதில் வராவிட்டால் உள்ளம் கொதிக்கிறது. 'மச்சான் ஏன் பேசவில்லை? மாறிவிட்டாரோ?' என்று இங்கே ஒரு பெண் நினைக்கிறாள். 'இத்தனை நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள்?' என்று அங்கே ஒருவன் நினைக்கிறான். அவன் வேலைத்தலத்தில் இருந்திருப்பான். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருப்பாள். உண்மையில் நடந்தது இவ்வளவே. ஆனால் உள்ளத்தில் நடந்ததோ பெரும் வழக்கு! வாதி, பிரதிவாதி, சாட்சி, நீதிபதி எல்லாம் ஒருவரே. இரவு முழுதும் விசாரணை, விடியும்போது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சில நேரம் தலாக் வரை போய்விடுகிறது.

தப்பெண்ணத்தைப் பேச்சுகளிலெல்லாம் பெரும் பொய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதன் பொருள் இங்கே விளங்குகிறது. ரமளானின் கடைசிப் பத்தில் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, தம்மைக் காண வந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை அனுப்பி வைக்க இரவில் உடன் நடந்தார்கள். அவ்வழியே சென்ற இரு அன்ஸாரித் தோழர்கள் விரைந்து நடந்தபோது, அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யாதான் என்று தெரிவித்தார்கள். தோழர்கள் திடுக்கிட்டார்கள். ஷைத்தான் மனிதனில் இரத்தம் போல் ஓடுகிறான். உங்கள் உள்ளத்தில் எதையேனும் போட்டுவிடுவான் என அஞ்சினேன் என்றார்கள் நாயகம் (ஸல்). இதில் இருசாராருக்கும் பாடம் உண்டு. சந்தேகிப்பவர் விசாரிக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமுள்ளவர் கேட்குமுன்பே விளக்கிவிட வேண்டும். 'வேலையில் இருக்கிறேன், இரவு பேசுகிறேன்' என்று ஒரு வரி அனுப்புவது சுன்னத்தின் வழிப்பட்ட நற்செயலே.

'அப்படிச் செய்திருந்தால்...'

நான்காவது வாசல் போனதைப் பற்றிய ஏக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலா நட்டவன் பலன் காண வருடங்கள் ஆகும். ஒரே காலையில் எல்லாம் தரையில். அந்த இழப்புக்குக் கண்ணீர் விடுவது மனித இயல்பு. ஆனால், 'முன்பே விற்றிருந்தால், வேறு பயிர் வைத்திருந்தால்' என்று ஆண்டுக்கணக்கில் உள்ளத்தில் அந்த மரங்களையே சாய்த்துக்கொண்டிருப்பவர் புதுக்கன்று நட வலுவற்றுப் போகிறார்.

பலமுள்ள முஃமினைப் புகழ்ந்த பெருமானார் (ஸல்) அவர்கள், உமக்குப் பயனளிப்பதில் ஆர்வம் கொள்ளும், அல்லாஹ்விடம் உதவி தேடும், தளர்ந்துவிடாதீர் என்று போதித்துவிட்டு, 'அப்படிச் செய்திருந்தால்' என்ற சொல் ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறந்துவிடும் என்று எச்சரித்தார்கள். தவற்றிலிருந்து பாடம் கற்பதை இந்த ஹதீஸ் தடுக்கவில்லை. பாடத்தைக் கற்றுக்கொண்டபின் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வா என்கிறது.

பூட்டிய பெட்டி தந்த அவகாசம்

இனிச் சொல்லப் போவது கனமான விஷயம். உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம். 4வது அத்தியாயம் 29வது வசனம் அதைத் தடுத்து, அல்லாஹ் நம்மீது இரக்கமுடையவன் என்று நினைவூட்டுகிறது. ஆயினும் நம் கிராமங்களில், கோபத்தின் உச்சியிலும் அவமானத்தின் அடியிலும் நின்று, வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை நாடியவர்களின் வரலாறு எல்லா சமுதாயத்திலும் உண்டு.

சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு முயற்சி செய்தார்கள். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், அவரவருக்கென்று உள்ள பூட்டுப் பெட்டியில் வைக்கவேண்டும். தேவைப்படும்போது போய் எடுத்து, மிச்சத்தைத் திரும்ப வைக்கவேண்டும். பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். இவ்வளவுதான் ஏற்பாடு. அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலை குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வறிக்கை தெரிவித்தது.

அங்கே கடன் தீர்ந்துவிட்டதா? குடும்பச் சண்டை ஓய்ந்துவிட்டதா? இல்லை. எண்ணத்துக்கும் கைக்கும் இடையே கொஞ்சம் தூரமும் கொஞ்சம் நேரமும் வைக்கப்பட்டன. அந்த நேரத்துக்குள் எண்ணம் தணிந்தது, மனிதர் பிழைத்தார். 'இனி வழியே இல்லை' என்று ஆணையிட்டுச் சொன்ன எண்ணம் எத்தகைய பொய்யன் என்று இப்போது தெரிகிறதல்லவா? கோபம் வந்தவர் நின்றிருந்தால் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூதில் உள்ளது. அதுவும் கையை எண்ணத்திலிருந்து தூரமாக்கும் ஏற்பாடே. கோபத்தில் தலாக் சொல்லாதே, கோபத்தில் கணக்கு முடிக்காதே, நள்ளிரவில் முடிவெடுக்காதே. காலைவரை பொறு. எண்ணம் உண்மையாயின் காலையிலும் அங்கேயே இருக்கும்.

கணக்கு வேறு, ஊசாட்டம் வேறு

'எண்ணங்களையெல்லாம் விசாரிக்கச் சொல்கிறீர்கள். அந்த விசாரணையே ஓர் ஊசாட்டமாகிவிடாதா?' என்று யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துகொள்ளாமல் இந்தக் கட்டுரையை மூடிவைக்கக்கூடாது.

கேள்வி நாளில் கணக்குக் கேட்கப்படுமுன் நாமே நம்மைக் கணக்குக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் அறிவுரை. அதைத் தம் வாழ்க்கையாக்கிக்கொண்டதால்தான் ஹிஜ்ரி 243இல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் (ரஹ்) அவர்களுக்கு முஹாஸிபி, அதாவது தன்னைக் கணக்குப் பார்ப்பவர் என்ற பெயரே நிலைத்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் பாடம் நடத்துவது யாருக்காக என்று தம்மையே கேட்டுக்கொண்டார்கள். புகழ் ஆசை அதில் கலந்திருப்பதைக் கண்டார்கள். ஆறு மாத காலம் தத்தளித்தார்கள். நாவே எழாமற் போயிற்று. இறுதியில் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். அந்த விசாரணையின் கனிதான் இஹ்யா உலூமித்தீன்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. முஹாஸபாவுக்கு நேரம் உண்டு, முடிவும் உண்டு. அது செயலைப் பற்றிக் கேட்கும். தவ்பாவிலோ, கடனைத் திருப்புவதிலோ, மன்னிப்புக் கேட்பதிலோ போய் முடியும். முடிந்தபின் உள்ளம் இலேசாகும். ஊசாட்டத்துக்கு நேரமில்லை, முடிவுமில்லை. அது பதில் சொல்லச் சொல்ல மறுபடியும் கேட்கும். செய்வதற்கு ஒன்றையும் தராது. எழுந்தபின் உள்ளம் கனக்கும்.

ஆகவே எண்ணம் ஒன்று வந்து வாசலில் நின்றால் மூன்று கேள்விகள் போதும். முதலாவது: உன் சாட்சி என்ன? இரண்டாவது: என்னை எந்த ஊருக்குக் கொண்டு போவாய்? அல்லாஹ்வின் பக்கமா, நிராசையின் பக்கமா? மூன்றாவது: இப்போது நான் செய்யவேண்டிய காரியம் ஏதேனும் உன்னிடம் உண்டா? உண்டென்றால் எழுந்து செய்வோம். இல்லையென்றால், அவூது ஓதிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். நான்காவது கேள்வி வேண்டாம்.

லால்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் வீராணம் ஏரியைப் பாருங்கள். 10ஆம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டப்பட்டது. கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியே அதில் சேருகிறது. நம் வயல்களுக்கும் பாய்கிறது, 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. எப்படி முடிகிறது? கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்ற கணக்கு இருக்கிறது. கரையில் ஒரு நண்டு வளையைக் கண்டால் உடனே அடைப்பார்கள். முஃமினின் உள்ளமும் இப்படி இருக்கவேண்டும். உறங்குமுன் சிறிது நேரம் மட்டும் முஹாஸபா என்னும் மதகைத் திறப்போம். பிறகு இஸ்திஃபாரால் மூடுவோம். காலையில் கண் விழித்ததும் கைபேசியைத் தொடாமல் திக்ரால் நாளைத் தொடங்குவோம். நமக்குத் தேவையற்ற வம்பை விட்டுவிடுவது இஸ்லாத்தின் அழகு என்று ஹதீஸ் கூறுகிறது. ஊர் வம்பு என்னும் நண்டு வளையை அடைத்தாலே பாதி நீர் மிஞ்சும்.

மருந்தும் துஆவும்

சிலருக்கு இந்த ஊசாட்டம் நோயாகவே முற்றிவிடுகிறது. கழுவிக்கொண்டே இருப்பது, தொழுகையைத் திருப்பிக்கொண்டே இருப்பது, உறக்கம் அறவே போவது, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுவது இவை நீடித்தால், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரிடம் போகவேண்டும். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான், சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டதும் அன்று. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) என்ற அறிஞர், உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதி, அச்சம், கோபம், துயரம், ஊசாட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி கூறினார். வீட்டில் மருந்து சேர்த்து வைப்பது போல், உள்ளம் நலமாயிருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்று மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வெட்கப்படத் தேவையில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது ஈமானின் குறை ஆகாதென்றால், இதுவும் ஆகாது.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் சதுப்பு நிலக் காட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அலையாத்தி. அலையை ஆற்றுவது. 2004இல் அக்காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவாயிருந்தது என 2005இல் வெளியான ஆய்வுகள் கூறின. மேடும் தூரமும் கூடக் காரணம் என்றோரும் உண்டு. அந்தக் காடு அலையே வராமல் தடுப்பதில்லை; வந்த அலையின் வேகத்தை வேர்களால் தணிக்கிறது. திக்ரும் தொழுகையும் அப்படித்தான். அலையடிக்கும் நாளில் நட்ட கன்று அன்றே காப்பாற்றாது. அமைதியான நாட்களில் நட்டு வளர்த்திருக்கவேண்டும். ஐவேளைத் தொழுகை, காலை மாலை அவ்ராது, நல்லோர் தொடர்பு இவற்றைச் சுகமான நாட்களிலேயே வேரூன்றச் செய்வோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் அடிக்கடி பாதுகாவல் தேடி வந்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. நாமும் அவ்வாறே கையேந்துவோம்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களுக்கு உறுதியைத் தருவாயாக! எண்ணங்களில் உண்மையானதை உண்மையாகவும், பொய்யானதைப் பொய்யாகவும் எங்களுக்குக் காட்டுவாயாக! நீ தந்த பலத்தை உன் வழியில் செலவிடவும், இரவில் கணக்குப் பார்த்து நிம்மதியாக உறங்கவும் தவ்பீக் செய்வாயாக! ஊசாட்டத்தால் வாடும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஷிஃபா அளிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!